இம்யூனோதெரபி எடுபடாமல் போனால்: மருந்தை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

உடலின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் திருப்புவது இம்யூனோதெரபி. நான்கு மாதமாக அந்த வகை மருந்தான பெம்ப்ரோலிசுமாப் ஏறிக்கொண்டிருக்கிறது. புது ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிகிறது. உடனே எழும் கேள்வி, "அடுத்து எந்த மருந்து?" என்பது. அதற்கு ஒரு படி முன்னால் நின்று கேட்க வேண்டியது வேறு: எது எடுபடவில்லை? ஸ்கேனைப் படித்த விதத்தில் பிழையா? மருந்தை வேலை செய்யவிடாமல் வேறு ஏதாவது தடுக்கிறதா? உடலில் ஓரிரு இடம் மட்டும் அடங்காமல் நிற்கிறதா? அல்லது புற்றுசெல்லே மாறிப்போய்விட்டதா? நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. இதைக் கண்டுபிடிக்காமல் மருந்தை மாற்றினால், வேலை செய்துகொண்டிருந்த மருந்தையே நிறுத்திவிடக்கூடும். அல்லது பயனில்லாத ஒன்றின் மேல் இன்னொன்றை அடுக்கி, பக்கவிளைவை மட்டும் கூட்டிக்கொள்ள நேரும்.

கீழே உள்ளது சிகிச்சைக் குழுவுக்கும், ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலையும் குடும்பத்தாருக்கும் சேர்த்தே எழுதியது. மருந்தையும் அளவையும் முடிவுசெய்வது புற்றுநோய் மருத்துவர். சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

மருந்து எங்கே அறுபடுகிறது

எதிர்ப்புச் சக்தியின் படைவீரனான டி செல் (ஒருவகை வெள்ளணு) ஒரு புற்றுசெல்லைக் கொல்ல வேண்டுமென்றால் நான்கு காரியம் ஒழுங்காக நடக்க வேண்டும். புற்றுசெல் தன்னுள் இருக்கும் மாறிய புரதத் துணுக்கை வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். அதைத் தாங்கிப் பிடிக்கும் தட்டுதான் எம்எச்சி வகுப்பு 1 மூலக்கூறு. பி2எம் என்ற சிறு புரதம் இல்லாவிட்டால் அந்தத் தட்டு நிற்காது. அடுத்து, டி செல் கட்டிக்குள் வந்து சேர வேண்டும். வந்த டி செல்லின் மேல் பிடி-1, சிடிஎல்ஏ-4, லாக்-3 போன்ற பிரேக்குகள் அழுந்தியிருக்கக் கூடாது. கடைசியாக, டி செல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் புரதத்துக்குப் புற்றுசெல் செவிசாய்க்க வேண்டும். அந்தச் செய்தியை உள்ளே கொண்டுபோவது ஜாக்1, ஜாக்2 நொதிகள்.

இன்று கையில் இருக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை மூன்றாவது காரியத்தை, அதாவது பிரேக்கை மட்டுமே சரிசெய்கின்றன. மற்ற மூன்றில் எது அறுந்தாலும் பிரேக்கை எடுத்துப் பயனில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பெம்ப்ரோலிசுமாபுக்கு நன்றாகக் கட்டுப்பட்டு, நாள் கழித்து மீண்டும் நோய் தலைதூக்கிய நான்கு மெலனோமா (நிறமி செல்லில் தோன்றும் தோல் புற்று) நோயாளிகளின் கட்டிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். இருவருக்கு ஜாக்1 அல்லது ஜாக்2 மரபணு செயலிழந்திருந்தது. ஒருவருக்குப் பி2எம் உடைந்திருந்தது. ஒரே மருந்து, ஒரே நோய், ஆனாலும் அறுந்த இடம் ஆளுக்கு ஆள் வேறு. எல்லோருக்கும் பொதுவான "அடுத்த மருந்து" என்று ஒன்று இல்லாததற்குக் காரணம் இதுதான்.

முதலில், வளர்ச்சி நிஜமா?

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒப்பிடும் பழைய ஸ்கேனின் தேதியைப் பாருங்கள். முதல் டோஸுக்கு இரண்டு மாதம் முன்பு எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டால், மருந்து தொடங்கும் முன்பே வளர்ந்த அளவும் மருந்தின் தோல்விக் கணக்கில் சேர்ந்துவிடும். முதல் டோஸுக்கு முந்தைய நான்கு வாரங்களுக்குள் எடுத்த ஸ்கேன்தான் நம்பத்தக்க தொடக்கப் புள்ளி. பழையது சிடி, புதியது பெட் சிடி என்றோ, ஒன்றில் கான்ட்ராஸ்ட் கொடுத்து மற்றதில் கொடுக்காமலோ இருந்தால் அளவுகளை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ரிப்போர்ட்டை மட்டும் கையில் கொடுக்காமல், இரண்டு ஸ்கேனின் படங்களையும் ஒரே ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்து, அதே கட்டிகளை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

இம்யூனோதெரபிக்கென்றே 2017இல் வந்த ஐரெசிஸ்ட் அளவுகோல், முதல் வளர்ச்சியை "உறுதியாகாத வளர்ச்சி" என்றே எழுதச் சொல்கிறது. அளக்கும் கட்டிகளின் கூட்டுத்தொகை 20 சதவீதமும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடியிருந்தாலோ புதுக் கட்டி தெரிந்தாலோ, 4 முதல் 8 வாரத்தில் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். அதிலும் மேலும் வளர்ந்திருந்தால்தான் அது உறுதியான வளர்ச்சி. இடையில் நோயாளியின் நிலை தாங்குமானால் மருந்தைத் தொடரலாம்.

இதன் பின்னணியில் இருப்பது போலி வளர்ச்சி. டி செல்கள் கட்டிக்குள் திரண்டு வீங்குவதால், மருந்து வேலை செய்யும்போதே கட்டி பெரிதாகத் தெரியும். இதை வைத்துப் பெரிய நம்பிக்கையை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. அதிகம் காணப்படும் மெலனோமாவிலேயே இது பத்தில் ஒருவருக்கும் குறைவு, நுரையீரல் புற்றில் இன்னும் அரிது. நோயாளியின் உடம்பே பெரும்பாலும் பதிலைச் சொல்லிவிடும். பசி எடுக்கிறது, எடை நிற்கிறது, வலி குறைந்திருக்கிறது, ரத்தத்தில் எல்டிஎச் (செல்கள் சிதையும்போது கூடும் நொதி) இறங்குகிறது என்றால் காத்திருப்பதில் நியாயம் உண்டு. எடை சரிந்து, மூச்சு வாங்கி, ஈரல் கணக்குகள் ஏறிக்கொண்டிருந்தால் அது போலி வளர்ச்சியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. முதுகுத்தண்டை அழுத்தும் கட்டி, மூச்சுக்குழாயை நெருக்கும் கட்டி, மூளையில் புதுக் கட்டி ஆகியவற்றில் எட்டு வாரம் காத்திருப்பது தவறு.

கண்ணை ஏமாற்றும் இன்னும் இரண்டு உண்டு. மார்பின் நடுவிலும் இரண்டு நுரையீரல்களின் வேர்ப்பகுதியிலும் நெறிகள் (நிணநீர் முடிச்சுகள்) இருபுறமும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால், அது சார்காய்டு என்ற அழற்சி நோயைப் போன்ற எதிர்வினையாக இருக்கலாம். மருந்து தூண்டிவிட்ட அழற்சி அது. ஊசி வைத்துப் பார்த்தால் புற்றுசெல் இருக்காது, கிரானுலோமா எனப்படும் அழற்சிச் செல்களின் திரட்சி தெரியும். அதேபோல் நுரையீரலில் திட்டுத்திட்டாகத் தெரியும் வெண்மை நோய்ப் பரவலாக இல்லாமல் மருந்தால் வந்த நிமோனைட்டிஸாகவும் (நுரையீரல் அழற்சி) இருக்கலாம். அப்போது தேவை ஸ்டீராய்டு. புதுக் கீமோ கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

காலக்கணக்கு

வளர்ச்சி நிஜம் என்று உறுதியான பிறகு, முதல் டோஸ், கடைசி டோஸ், நன்றாக இருந்த காலம், வளர்ந்த தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுங்கள். புற்றுநோய் இம்யூனோதெரபிக்கான சங்கம் (எஸ்ஐடிசி) 2020இல் கொடுத்த வரையறைப்படி, மருந்து குறைந்தது ஆறு வாரமாவது உடலில் இருந்திருந்தால்தான் எடுபடவில்லை என்று பேசவே முடியும். ஆறு மாதத்துக்குள் வளர்ந்தால் அது தொடக்கத்திலிருந்தே எடுபடாதது. ஆறு மாதத்துக்கு மேல் பலன் தந்துவிட்டுப் பிறகு வளர்ந்தால் அது பின்னால் வந்த எடுபடாமை. இரண்டாவது வகையினருக்கு டி செல்கள் ஒரு காலத்தில் கட்டியை அடையாளம் கண்டிருக்கும் என்று கருதலாம். அவர்களுக்கு இம்யூனோதெரபியின் இன்னொரு வடிவம் கைகொடுக்கும் சாத்தியம் கூடுதல்.

மூன்றாவது கூட்டமும் உண்டு, இவர்களைத்தான் பலரும் தவறாக வகைப்படுத்துகிறார்கள். இரண்டு வருட சிகிச்சையை முடித்து மருந்தை நிறுத்தி, ஒரு வருடம் கழித்து நோய் திரும்பியவர்கள் இவர்கள். மருந்து இருக்கும்போது வளரவில்லை, இல்லாதபோதுதான் வளர்ந்தது. இவர்களுக்கு மருந்து எடுபடாமல் போய்விட்டது என்று சொல்ல ஆதாரமில்லை. அதே மருந்தை மறுபடி தொடங்கிப் பார்ப்பது நியாயமான முதல் முயற்சி.

ஒரு டோஸ் இரண்டு வாரம் தள்ளிப்போனதால்தான் எல்லாம் கெட்டது என்று குடும்பத்தார் தங்களையே நொந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது. பெம்ப்ரோலிசுமாபின் அரைவாழ்வு, அதாவது உடலில் பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 22 நாள், அதே வகையான நிவோலுமாபுக்குச் சுமார் 25 நாள். ஒரே மருந்தை 3 வாரத்துக்கு 200 மில்லிகிராம் என்றும் 6 வாரத்துக்கு 400 மில்லிகிராம் என்றும் கொடுக்க முடிவதே அது உடலில் நெடுநாள் தங்குவதால்தான். ஒரு டோஸ் தள்ளிப்போனது இதற்குக் காரணமில்லை.

கூடவே போகும் மருந்துகள்

ஸ்டீராய்டிலிருந்து தொடங்குங்கள். பிரெட்னிசோலோன் கணக்கில் நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டே இம்யூனோதெரபி தொடங்கியவர்களுக்குப் பலன் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. கணக்கில் தவறிப்போவது டெக்ஸாமெத்தசோன்தான். வெறும் 4 மில்லிகிராம் என்று தோன்றும், ஆனால் அது 25 மில்லிகிராமுக்கும் மேற்பட்ட பிரெட்னிசோலோனுக்குச் சமம். பசிக்காக, வாந்திக்காக, களைப்புக்காக என்று யாரோ எழுதி, யாரும் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும் டெக்ஸா மாத்திரையைத் தேடிப் பிடியுங்கள். மூளை வீக்கத்துக்காக என்றால் குறைக்க முடிந்த அளவு வரை குறைக்க வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிந்தைய வீக்கம் என்றால் பெவாசிசுமாப் மாற்றாகலாமா என்று கேளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இம்யூனோதெரபியின் பக்கவிளைவாக வந்த குடல் அழற்சிக்கோ நுரையீரல் அழற்சிக்கோ கொடுக்கும் ஸ்டீராய்டை, "கட்டிக்குக் கெடுதல்" என்று பயந்து ஒருபோதும் நிறுத்தக் கூடாது. அது உயிர் காக்கும் மருந்து, 4 முதல் 6 வாரத்தில் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். ஆய்வுகளை ஆழ்ந்து பார்த்தால், மோசமான முடிவுகள் பெரும்பாலும் நோயின் உபாதைக்காக ஸ்டீராய்டு எடுத்தவர்களிடமே தெரிந்தன. அவர்களின் நோய் ஏற்கெனவே முற்றியிருந்ததும் அதற்கு ஒரு காரணம். குடல் அழற்சி ஸ்டீராய்டுக்கு மூன்று நாளில் அடங்காவிட்டால், அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் இன்ஃப்ளிக்சிமாப் அல்லது வெடோலிசுமாபுக்கு மாறுவதே நல்லது.

ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான். சிகிச்சை தொடங்கும் முந்தைய மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்ததைப் பல நாடுகளின் தரவுகள் காட்டுகின்றன. குடல் பாக்டீரியா குலைவதே காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே சளிக்கும் சாதாரண இருமலுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சலோடு நடுக்கம், நிமோனியா, சிறுநீர்த் தொற்று என்றால் தயங்காமல் எடுக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் தேவையில்லாமல் வருடக்கணக்கில் ஓடினால், தேவை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டு நிறுத்தலாம்.

கடையில் வாங்கும் புரோபயாடிக் குளிகைகள் உதவும் என்று பலர் சாப்பிடுகிறார்கள். 2021இல் வெளியான மெலனோமா ஆய்வில், நாளுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் நார்ச்சத்து சாப்பிட்டு, புரோபயாடிக் எடுக்காதவர்களுக்கே அதிகப் பலன் தெரிந்தது. எலிகளில் செய்த சோதனையும் அதே பக்கம் சாய்ந்தது. காய்கறி, பருப்பு, முழுதானியம், பழம் ஆகியவற்றிலிருந்து அந்த 20 கிராமைச் சேர்ப்பதில் செலவும் இல்லை, கெடுதலும் இல்லை. குடல் அழற்சி இருக்கும்போது மட்டும் இதைத் தள்ளிப்போடுங்கள்.

மலமாற்று சிகிச்சையும் இந்த வழியில்தான் வந்தது. பிடி-1 பிரேக்கை எடுக்கும் மருந்துக்கு (பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்றவை, சுருக்கமாகப் பிடி-1 மருந்து) நன்றாகப் பலன் கண்டவரின் மலத்தைக் கொலோனோஸ்கோப்பி வழியாகவோ குளிகையாகவோ பலன் காணாதவருக்குக் கொடுத்து, அதே மருந்தைத் தொடர்ந்தார்கள். 2021இல் இரண்டு சிறிய மெலனோமா ஆய்வுகள் வந்தன. ஒன்றில் 15 பேரில் 6 பேருக்கும் மற்றதில் 10 பேரில் 3 பேருக்கும் பலன் கிடைத்தது. நம்பிக்கை தரும் எண்ணிக்கை, ஆனால் ஆராய்ச்சிக்கு வெளியே, கொடையாளரின் மலத்தைக் கிருமிப் பரிசோதனை செய்யாமல் முயல்வது ஆபத்து.

எத்தனை இடத்தில் வளர்கிறது?

பத்துக் கட்டிகளில் ஒன்பது சுருங்கி, ஒன்று மட்டும் வளர்ந்தால் மருந்து தோற்றது என்று சொல்ல முடியாது. அந்த ஒன்று மட்டும் தப்பித்திருக்கிறது. அதை அறுவைசிகிச்சையில் எடுத்தோ ஸ்டீரியோடாக்டிக் கதிர்வீச்சால் (கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைப்பது) எரித்தோ, மருந்தை அப்படியே தொடரலாம். பொதுவாக ஐந்து இடம் வரை இப்படிப் பார்ப்பது வழக்கம். 2024இல் வெளியான கர்ப் ஆய்வில், ஐந்துக்கு மிகாத இடங்களில் வளர்ந்த நுரையீரல் புற்று நோயாளிகளுக்கு இப்படிக் கதிர்வீச்சு சேர்த்தபோது, நோய் மீண்டும் முன்னேறும் வரையிலான காலம் 2.2 மாதத்திலிருந்து 10 மாதமாக நீண்டது. அதே ஆய்வில் மார்பகப் புற்றில் பலனே தெரியவில்லை. ஒரு புற்றில் கண்டதை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போக முடியாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஓரிடத்தில் கதிர்வீச்சு கொடுத்தால் தொலைவில் உள்ள கட்டிகளும் டி செல் தூண்டுதலால் சுருங்கும் என்று அப்ஸ்கோபல் விளைவைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். அது நடப்பதுண்டு, ஆனால் அரிது. அதை மட்டும் எதிர்பார்த்துக் கதிர்வீச்சு கொடுப்பதைப் பரிந்துரைக்க முடியாது.

பயாப்ஸி: இங்கேதான் பெரும்பாலான வாய்ப்பு கைநழுவுகிறது

வளர்ந்து நிற்கும் கட்டியிலிருந்து புது மாதிரி எடுக்காமல், மூன்று வருடத்துக்கு முந்தைய பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த திசு) வைத்து அடுத்த சிகிச்சையை முடிவுசெய்வது பரவலான பழக்கம். பழைய பிளாக்கில் இருப்பது மருந்துக்குக் கட்டுப்பட்ட செல்கள். இப்போது வளர்பவை வேறு. பாதுகாப்பாக எட்ட முடியும் இடத்தில் கட்டி இருந்தால் புது பயாப்ஸியை வலியுறுத்திக் கேளுங்கள்.

எந்தக் கட்டியிலிருந்து? வளர்கிறதே, அதிலிருந்து. தோதாகக் கைக்கு எட்டுகிறது என்று சுருங்கிக்கொண்டிருக்கும் கட்டியில் எடுத்தால் பதில் தலைகீழாக வரும். பெரிய கட்டியின் நடுப்பகுதி அழுகி இறந்திருக்கும். பெட் ஸ்கேனில் ஒளிரும் ஓரத்தில்தான் ஊசி போக வேண்டும். மெல்லிய ஊசியில் உறிஞ்சும் எஃப்என்ஏசி போதாது. டி செல் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் திசுவின் அமைப்பு குலையாமல் வேண்டும். திசுவைத் துண்டாக வெட்டி எடுக்கும் 18 கேஜ் கோர் ஊசியில் மூன்று முதல் ஐந்து துண்டு எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த துண்டு ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் விழ வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் அதில் ஊற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த துண்டு நீண்ட விடுமுறை முடியும் வரை ஃபார்மலினிலேயே கிடந்தால், சாயம் சரியாகப் பிடிக்காது, டிஎன்ஏவும் நொறுங்கும். எலும்பிலிருந்து எடுத்தால் சுண்ணத்தைக் கரைக்க வலுவான அமிலம் பயன்படுத்தக் கூடாது என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அதற்கு மாற்றான ஈடிடிஏ கரைசல் மெதுவாக வேலை செய்யும், ஆனால் டிஎன்ஏ பிழைக்கும். பிடி-எல்1 (பிடி-1 பிரேக்கை அழுத்தும் புரதம்) சாயம் படிக்கக் குறைந்தது 100 உயிருள்ள புற்றுசெல்லாவது தேவை. ஏற்கெனவே வெட்டி மாதக்கணக்கில் வைத்த ஸ்லைடில் சாயம் மங்கும், ஆகவே பிளாக்கிலிருந்து புதிதாக வெட்டச் சொல்ல வேண்டும்.

நோய்க்குறியியல் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை. முதலில், இது அதே புற்றுதானா? நுரையீரல் அடினோகார்சினோமா சில சமயம் சிறுசெல் புற்றாக மாறிவிடும், அதற்கு வைத்தியமே வேறு. இரண்டாவது, சிடி8 டி செல்கள் (புற்றுசெல்லைக் கொல்லும் வகை) கட்டிக்குள் இருக்கின்றனவா, ஓரத்தில் தடைபட்டு நிற்கின்றனவா, அறவே இல்லையா? மூன்றாவது, எம்எச்சி வகுப்பு 1, பி2எம் சாயம் புற்றுசெல்லில் இருக்கிறதா? நான்காவது, மரபணு வரிசையில் பி2எம், ஜாக்1, ஜாக்2, எஸ்டிகே11, கீப்1, பிடென் ஆகியவற்றோடு, மருந்து இருக்கும் இலக்குகளும் சேர்ந்திருக்கின்றனவா? ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏவைப் பார்க்கும் சிடிடிஎன்ஏ பரிசோதனை நான்காவதற்கு ஓரளவு பதில் சொல்லும், இரண்டாவதற்குச் சொல்லாது.

ஒன்றைத் திறந்து சொல்லிவிட வேண்டும். பி2எம் போயிருக்கிறது, ஜாக் செயலிழந்திருக்கிறது என்று தெரிந்தாலும் அதைச் சரிசெய்யும் மருந்து இன்று இல்லை. அந்தத் தகவலின் பயன், எந்தப் பாதையில் போக வேண்டாம் என்று காட்டுவது. இன்னொரு பிடி-1 மருந்துக்கு மாறுவது வீண், டி செல்லின் அடையாளம் காணலை நம்பியிராத கீமோ, இலக்கு மருந்து, ஆன்டிபாடியில் கீமோவை இணைத்த மருந்துகள் பக்கம் போக வேண்டும் என்பதற்கு அது வலுவான காரணம். அதுவும் எல்லாப் புற்றுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. எம்எஸ்ஐ உயர்ந்த (டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் அமைப்பு பழுதான) பெருங்குடல் புற்றில் பி2எம் இல்லாமலேயே பிடி-1 மருந்து நன்றாக வேலை செய்வதுண்டு, அங்கே காமா டெல்டா என்ற வேறு வகை டி செல்கள் வேறு வழியில் கொல்கின்றன.

அதே எம்எஸ்ஐ புற்றில் இன்னொரு பாடமும் உண்டு. 2019இல் வெளியான ஆய்வொன்றில், இம்யூனோதெரபி எடுத்த 38 எம்எஸ்ஐ பெருங்குடல் புற்று நோயாளிகளில் ஐந்து பேருக்குத் தொடக்கத்திலேயே மருந்து எடுபடவில்லை. அந்த ஐந்தில் மூவருக்கு எம்எஸ்ஐ என்ற பரிசோதனை முடிவே தவறு. எம்எஸ்ஐ நோயாளிக்கு முதல் ஸ்கேனிலேயே நோய் வளர்ந்தால், முதல் வேலை சாயப் பரிசோதனையையும் பிசிஆரையும் இரண்டையும் மறுபடி செய்வதுதான்.

அடுத்த மருந்து: புற்றுக்குப் புற்று

மெலனோமாவில்தான் வழிகள் அதிகம். பிடி-1 மருந்து எடுபடாத பிறகு சிடிஎல்ஏ-4 பிரேக்கை எடுக்கும் இபிலிமுமாப் மட்டும் கொடுப்பதா, நிவோலுமாபோடு சேர்த்துக் கொடுப்பதா என்று எஸ்1616 ஆய்வு பார்த்தது. சேர்த்துக் கொடுத்தவர்களில் 28 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது, தனியாகக் கொடுத்தவர்களில் 9 சதவீதத்தினருக்குத்தான். ஆகவே பிடி-1 மருந்தை நிறுத்திவிட்டு இபிலிமுமாபுக்கு மாறாமல், அதோடு சேர்ப்பதே சரி. பிராஃப் மரபணுவில் வி600 மாற்றம் இருந்தால் பிராஃப், மெக் புரதங்களைத் தடுக்கும் மாத்திரைகள் விரைவில் கட்டியைச் சுருக்கும், உடனடி ஆபத்தில் இருப்பவருக்கு அதுவே முதல் கை. லாக்-3ஐத் தடுக்கும் ரெலாட்லிமாப், நிவோலுமாப் கூட்டு மருந்தை மட்டும் அளந்து எதிர்பாருங்கள். முன்பு சிகிச்சையே எடுக்காதவர்களிடம் அது நோய் முன்னேறாத காலத்தை 4.6 மாதத்திலிருந்து 10.1 மாதமாக நீட்டியது. பிடி-1 மருந்து தோற்றவர்களிடம் கட்டி சுருங்குவது சுமார் பத்தில் ஒருவருக்குத்தான்.

கட்டிக்குள் இருக்கும் டி செல்லையே எடுத்து, வெளியே கோடிக்கணக்கில் பெருக்கித் திருப்பிச் செலுத்தும் டிஐஎல் சிகிச்சை, டி செல் எண்ணிக்கை போதாமல் தோற்றவர்களுக்கு நேரடியான பதில். இந்த வகையைச் சேர்ந்த லைஃபிலியூசெல் 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆதாரமாக இருந்த 73 நோயாளிகளில் 31.5 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. இதற்குத் திட்டமிடல் முக்கியம். குறைந்தது 1.5 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுக்க ஒரு கட்டி மிச்சமிருக்க வேண்டும். வளர்த்தெடுக்க 22 நாள் ஆகும், அது வரை நோயைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிறகு இரண்டு நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ஐந்து நாள் ஃப்ளுடாராபின் என்ற கீமோ மருந்துகள், செல் ஏற்றிய பின் அவற்றைத் தூண்ட ஆறு டோஸ் வரை இன்டர்லியூகின்-2. இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் இதைத் தாங்க வேண்டும். நோயாளி படுக்கையில் விழுந்த பிறகு யோசிக்கிற சிகிச்சை இல்லை இது. முதல் பிடி-1 மருந்து சறுக்கத் தொடங்கும்போதே டிஐஎல் மையத்துக்கு ஃபைலை அனுப்ப வேண்டும்.

நுரையீரல் புற்றில் சூழ்நிலை கடினம். டோசிடாக்செல் என்ற கீமோ, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, தேவையானால் ராமுசிருமாபோடு. இதுதான் இன்னும் அடிப்படை. அதனால்தான் மரபணு இலக்கைத் தேடுவது இங்கே இரட்டிப்பு முக்கியம். கேராஸ் ஜி12சி, மெட் எக்ஸான் 14, ஹெர்2 ஆகிய மரபணு மாற்றங்களில் எது கிடைத்தாலும் வழி திறக்கும். ஆனால் வரிசை பிசகக் கூடாது. பிடி-1 மருந்துக்குப் பின் ஓசிமெர்டினிப் (ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றத்துக்கான மாத்திரை) தொடங்கிய 41 பேரில் ஆறு பேருக்குக் கடுமையான அழற்சி வந்தது. மூன்று மாதத்துக்குள் மாறியவர்களில் அது நான்கில் ஒருவருக்கு நெருங்கியது. வரிசை மாறி ஓசிமெர்டினிப் முதலில் வந்த 29 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. கேராஸ் ஜி12சிக்கான சோட்டோராசிபும் இம்யூனோதெரபியை அடுத்து உடனே வந்தால் ஈரலைத் தாக்கக்கூடும். தொடக்கத்திலேயே ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு முடிவுகள் வரும் வரை பொறுத்துவிட்டு இம்யூனோதெரபி தொடங்கியிருந்தால் ஓசிமெர்டினிப் சிக்கல் வராது.

சிறுநீரகப் புற்றில் தெளிவான பதில் இருக்கிறது. இம்யூனோதெரபிக்குப் பின் கபோசான்டினிப் என்ற இலக்கு மாத்திரையோடு அட்டெசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தையும் சேர்த்தால் நல்லதா என்று கான்டாக்ட்-03 ஆய்வு கேட்டது. நோய் முன்னேறாத காலம் சேர்த்தவர்களுக்கு 10.6 மாதம், சேர்க்காதவர்களுக்கு 10.8 மாதம். பக்கவிளைவு மட்டும் கூடியது. ஆகவே கபோசான்டினிப் தனியாக, அதற்கும் பிறகு பெல்சுட்டிஃபான். பெல்சுட்டிஃபான் மாத்திரையில் ரத்தசோகையும் ஆக்சிஜன் அளவு குறைவதும் வரும், வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

சிறுநீர்ப்பைப் புற்றில், ஆன்டிபாடியில் கீமோவை இணைத்த என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டின், இம்யூனோதெரபிக்கும் கீமோவுக்கும் பின், சராசரி ஆயுளைக் கீமோவின் 9 மாதத்திலிருந்து சுமார் 13 மாதமாக்கியது. அதை ஏற்கெனவே எடுத்துவிட்டவர்கள் எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு மாற்றத்தைத் தேட வேண்டும். இருந்தால் எர்டாஃபிட்டினிப் நாளுக்கு 8 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் ரத்த பாஸ்பேட்டைப் பார்த்து 9 ஆக்கலாம். கண் பரிசோதனை தவறக் கூடாது.

கார்-டி செல் சிகிச்சைக்குப் பின் (நோயாளியின் டி செல்லை எடுத்து, புற்றுசெல்லின் மேலுள்ள ஒரு புரதத்தை இலக்காகத் தாக்கும்படி மாற்றித் திருப்பிச் செலுத்துவது) திரும்பும் ரத்தப் புற்றில் முதல் கேள்வி, இலக்கு இன்னும் செல்லின் மேல் இருக்கிறதா என்பது. சிடி19 என்ற இலக்குப் புரதம் மறைந்த லுகேமியாவுக்கு, அதையே பிடிக்கும் பிளினாட்டுமோமாப் கொடுத்துப் பயனில்லை, சிடி22 என்ற வேறு இலக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லிம்ஃபோமாவில் சிடி20ஐப் பிடிக்கும் குளோஃபிட்டமாப், எப்கோரிட்டமாப் உண்டு. மைலோமாவில் பிசிஎம்ஏ என்ற இலக்கு போனால் ஜிபிஆர்சி5டி என்ற இன்னொரு இலக்கைப் பிடிக்கும் டால்குவெட்டமாப் உண்டு. கார்-டிக்கு டி செல் எடுக்கும் முந்தைய மாதங்களில் டி செல்களைக் குறைக்கும் பெண்டமுஸ்டின் என்ற கீமோவைக் கொடுக்காமல் இருப்பது, இந்தத் தோல்வியை முன்கூட்டியே தவிர்க்கும் வழிகளில் ஒன்று.

ஆய்வுச் சிகிச்சையில் சேரும் முன்

இரண்டு மருந்தைச் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் உண்டு. எப்பகடோஸ்டாட் என்ற மருந்தை எல்லோரும் நம்பினார்கள். அறிவியல் பொருத்தமாக இருந்தது, ஆரம்ப ஆய்வுகள் பளிச்சென்று இருந்தன. 2018இல் பெரிய மெலனோமா ஆய்வில் பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்தபோது எந்தப் பலனும் இல்லை. ஆகவே ஓர் ஆய்வில் சேருமாறு அழைத்தால், ஒப்பிடும் பிரிவு என்ன, என் புற்றில் இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள், பலன் தராவிட்டால் எத்தனை வாரத்தில் தெரியும் என்று கேளுங்கள். தயங்கத் தேவையில்லை, கேட்பது உங்கள் உரிமை.

பெரும்பாலான ஆய்வுகள் முந்தைய மருந்திலிருந்து நான்கு வார இடைவெளி, பிரெட்னிசோலோன் கணக்கில் 10 மில்லிகிராமுக்கு மிகாத ஸ்டீராய்டு, அடங்கிய நிலையில் மூளைக் கட்டி, அளக்கத்தக்க ஒரு கட்டி ஆகியவற்றைக் கேட்கும். கடைசியானதில்தான் பலர் தவறிப்போகிறார்கள். அளக்கத்தக்கதாக இருந்த ஒரே கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டால், அது ஆய்வின் கணக்கில் வராது, கதவும் மூடிவிடும். எனவே வலிக்கும் கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முன், கதிர்வீச்சுப் பகுதிக்கு வெளியே அளக்கத்தக்க இன்னொரு கட்டி இருக்கிறதா என்று ரேடியாலஜிஸ்டிடம் கேட்டு, அதன் அளவையும் இடத்தையும் ஃபைலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.